அந்த வீட்ல ஒண்ணும் இல்லியாமே!

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில எனக்கு எதிர் இலை எங்க மச்சான். பக்கத்துல இருந்த ஒருத்தர் "மைசூர் போறோம், என்னென்ன பாக்கலாம்?"னு கேட்டார். மச்சான் விரல் விட்டு எண்ணி எண்ணி சொல்லிட்டு வந்தார். அரண்மனை, சாமுண்டி மலை, ஜூ, சர்ச், பிருந்தாவனம்...

அதோட நிறுத்தியிருக்கலாம்ல?

"அப்புறம் யாதவகிரியில ஒரு எழுத்தாளர் வீடு இருக்கு. எங்க மாப்ள இழுத்துட்டுப் போனார். அதை மட்டும் விட்டுடுங்க. உள்ள ஒண்ணும் இல்ல. நாலு போட்டோ, ஒரு கண்ணாடி, ஒரு கோட்டு."

எனக்கு அப்பளம் தொண்டையில சிக்கிக்கிச்சு.

சண்டை போட நினைச்சேன். ஆனா சாம்பார் வந்துடுச்சு. (பந்தியில சாம்பார் வர்ற நேரத்துல இலக்கியச் சண்டை போடக் கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லியிருக்கு. சொல்லல. ஆனா சொல்லியிருக்கும்.)

அந்தச் சண்டையைத்தான் இப்போ இங்க போடப் போறேன். மச்சான் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான்.

உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு தப்பு மச்சான் மேல இல்ல. வீட்டு மேலயும் இல்ல. ப்ளான் போட்டவன் மேல. ப்ளான் போட்டவன் நான்.

வீடு எதுன்னு தெரிஞ்சிருக்கும். ஆர்.கே. நாராயண் வீடு. மால்குடிக்காரர்.

எங்க ஊரைப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேத்தமங்களா. கோலார் தங்கவயல் பக்கம். பாலாறு எங்க ஊர் ஏரிக்குள்ள வந்துட்டுத்தான் தமிழ்நாட்டுக்குப் போற வழியைப் பாக்கும் (தண்ணி இருந்தா). ஒரு காலத்துல தங்கச் சுரங்கம் மொத்தமும் எங்க ஏரித் தண்ணியைத்தான் குடிச்சுது. சுரங்கத்தை 2001 பிப்ரவரியில மூடிட்டாங்க, ஏரி மட்டும் இருக்கு. வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல கன்னடம், சந்தையில தெலுங்கு. மூணையும் ஒரே வாக்கியத்துல போட்டுப் பேசுவோம். யாரும் சிரிக்க மாட்டாங்க.

இந்த மொழி விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. கடைசியில வேணும்.

இங்கிருந்து மைசூர் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஊர்லேர்ந்து பெங்களூர் 100, அங்கிருந்து மைசூர் 140. போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு மணி நேரம். பெங்களூர் சிக்னல் எவ்வளவு முழுங்கும்ங்கிறது அன்னிக்கு நம்ம ராசி.

முதல் தடவை: ஏழு இடம், ஒரு வண்டி, பதினோரு பேர்

ஞாயித்துக்கிழமை. விடியக்காலை நாலரைக்குக் கிளம்பணும்னு முடிவு. அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினோம். (மச்சான் வீட்ல பால்காரர் வரலியாம். டூர் போற அன்னைக்கு பால் எதுக்கு? கேக்கல. கேட்டிருந்தா அந்த டூர் அங்கேயே முடிஞ்சிருக்கும்.)

என்கிட்ட ஒரு பேப்பர் இருந்துது. அதுல ஏழு இடம். ஒவ்வொண்ணுக்கும் நேரம் போட்டு, கட்டம் கட்டி, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி. அதுல ஆறாவது பீரியட் நாராயண் வீடு. 3.30 முதல் 4.15 வரை.

ஜூ ஒண்ணே மூணு மணி நேரம் முழுங்கிடுச்சு. 1892லேர்ந்து இருக்கிற ஜூ அது. நடந்தா முடியாது, பாதியில திரும்பவும் முடியாது. ஒட்டகச்சிவிங்கி முன்னாடி எங்க மாமியார் அரை மணி நேரம் நின்னுட்டாங்க. "இவ்ளோ உயரம் இருந்துக்கிட்டு எவ்ளோ அடக்கமா நிக்குது பாரு"ன்னாங்க. அந்த மனுஷியை எப்படிக் கிளப்புறது?

யாதவகிரிக்கு நாங்க போய்ச் சேர்ந்தப்போ மூடுற நேரம் நெருங்கிடுச்சு. வண்டியிலேர்ந்து பாதி பேர் இறங்கவே இல்ல. மச்சான் இறங்கினார், பாவம், எனக்காக. போற போக்குல "பத்து நிமிஷம் மாப்ள. பிருந்தாவனத்துல லைட் போட்ருவாங்க"ன்னார்.

பத்து நிமிஷத்துல ஓட்டமும் நடையுமா மேலயும் கீழயும் பாத்தோம். சுவத்துல போட்டோ. அவரோட கண்ணாடி. துணிமணி. பத்ம விருது. அவ்வளவுதான்.

வெளில வந்து மச்சான் சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணும் இல்லியே மாப்ள."

அந்த நேரத்துல, சத்தியமா, எனக்கும் அப்படித்தான் இருந்துது.

ஏன் ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துது?

இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். ரயில்ல. (தினமும் மாரிக்குப்பம் ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போய் வர்றவன் நான். எங்க ஊர்க்காரன் யோசிக்கிறதெல்லாம் அந்த ரயில்லதான். உக்கார இடம் கிடைச்சா தூங்கிடுவோம், நின்னா யோசிப்போம்.)

அரண்மனைக்குப் போனா ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம். அரண்மனை தானே பேசும். தங்கம், கண்ணாடி, தூண், ஆனைத் தந்தம்னு அதுவே கத்திக் கத்திப் பேசும். எழுத்தாளர் வீடு அப்படி இல்ல. அது நம்மள மாதிரி ஒரு வீடு. ஹால், படி, மாடி, ஜன்னல். நீங்க ஏதாவது கொண்டுபோனாத்தான் அது வாயைத் திறக்கும். வெறுங்கையோட போனா, வாடகைக்கு வீடு பாக்கப் போன மாதிரி பாத்துட்டு வந்துடுவோம்.

நான் வெறுங்கையோட போயிருந்தேன். "மால்குடி டேஸ்" சின்ன வயசுல டிவியில பாத்தது. ஷங்கர் நாக் எடுத்தது. அந்தத் தொடரோட தெருவும் திண்ணையும் மனசுல வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஏமாந்துதான் போவோம். ஏன்னா அதை எடுத்தது ஆகும்பேயில. மைசூர்ல இல்ல.

அதை விடுங்க. பெரிய கூத்து என்னன்னா, மால்குடி பொறந்ததே இந்த வீட்ல இல்ல!

1930, விஜயதசமி. பெங்களூர்ல அவர் பாட்டி இருந்தாங்க. நல்ல நாள், இன்னைக்கு எழுத ஆரம்பின்னு பாட்டி நாள் பாத்துக் குடுத்தாங்களாம். உக்காந்தார். மனசுல ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் வந்துது. அதுக்குப் பேர் மால்குடின்னு வந்துது. ஸ்டேஷன்தான் முதல்ல, ஊர் அப்புறம். அந்த "ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்" 1935ல லண்டன்ல வெளிவந்தது, கிரகாம் கிரீன் கை குடுத்ததால.

யாதவகிரி வீடு? 1940களோட கடைசியில கட்ட ஆரம்பிச்சு, இழுத்து இழுத்து, 50கள் தொடக்கத்துலதான் முடிஞ்சுது. (வீடு கட்டினவங்களுக்குத் தெரியும். எழுத்தாளரா இருந்தா என்ன, மேஸ்திரி எல்லாருக்கும் மேஸ்திரிதான்.)

இதைக் கணக்குப் போட்டுப் பாத்தப்போ இன்னொண்ணு உறைச்சுது. அவர் மனைவி ராஜம் டைபாய்டு வந்து இறந்தது 1939ல. கொஞ்ச வருஷம்தான் சேர்ந்து வாழ்ந்தாங்க. சின்னப் பொண்ணு ஹேமாவைத் தனியா வளர்த்தார். அந்தத் துக்கத்திலேர்ந்துதான் "தி இங்கிலீஷ் டீச்சர்" 1945ல வந்துது.

அப்படின்னா ராஜம் இந்த வீட்டைப் பாக்கவே இல்ல.

பத்து நிமிஷத்துல ஓடி ஓடிப் பாத்தப்போ இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மாடிப்படியை வேற மாதிரி ஏறியிருப்பேன்.

அதனால என் முதல் விதி

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சுக்கங்க: அந்த ஆள் வாழ்க்கையில எந்தப் பகுதி இந்த வீட்ல நடந்துது?

நம்ம பாரதியையே எடுத்துக்குங்க. எட்டயபுரம் வீட்டுக்குப் போனா அங்க இருக்கிறது 1882ல பொறந்த குழந்தை. புதுச்சேரி வீட்டுக்குப் போனா வெள்ளைக்காரனுக்குத் தப்பி வந்து, பத்து வருஷம் எழுதிக் குவிச்ச மனுஷன். திருவல்லிக்கேணி வீட்டுக்குப் போனா 1921ல கடைசி மூச்சு விட்டவர். மூணும் ஒரே பாரதி வீடுதான், ஆனா மூணுக்கும் ஒரே முகத்தோட போகக் கூடாது.

யாதவகிரி வீட்ல இருக்கிறது நாப்பது வயசு தாண்டின நாராயண். பேர் வாங்கினவர். "தி கைட்" எழுதி 1960ல சாகித்திய அகாதமி வாங்கினவர். (அதையும் இந்த வீட்ல உக்காந்து எழுதல, அமெரிக்காவுல பெர்க்லில ஒரு ஓட்டல் ரூம்ல எழுதினார். இந்த மனுஷன் நம்மளப் படுத்துறதுக்குன்னே இப்படி இடம் மாத்தி மாத்தி எழுதியிருக்கார்.) இந்த வீட்டுக் காலத்துல வந்தது "மேன்-ஈட்டர் ஆஃப் மால்குடி" 1961, "வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்" 1967. அதுல ஒண்ணைப் படிச்சுட்டுப் போங்க. ரெண்டும் வேண்டாம், ஒண்ணு போதும்.

நான் ஸ்வீட் கடைக்காரரை எடுத்துக்கிட்டேன். ரயில்ல நாலு நாள்ல முடிஞ்சுது. (உக்கார இடம் கிடைச்ச நாள் ரெண்டு. அந்த ரெண்டு நாளும் தூங்கிட்டேன். மொத்தம் ஆறு நாள்.)

ரெண்டாவது தடவை: ஒரு வீடு, ரெண்டு பேர், ஒரு தூக்கு புளிசாதம்

இந்தத் தடவை யாரையும் கூப்பிடல. பொண்ணு மட்டும். ஒன்பதாவது படிக்கிறா. "ஜூ இருக்கா?"ன்னா. இல்லன்னேன். "அப்ப என்ன இருக்கு?"

"ஒரு ஜன்னல் இருக்கு."

என்னை ஒரு மாதிரி பாத்தா. ஆனா சனிக்கிழமை ட்யூஷனுக்கு மட்டம் போடலாம்னு தெரிஞ்சதும் இலக்கிய ஆர்வம் வந்துடுச்சு.

ரயில்லதான் போனோம். மைசூர் போய் வண்டி பார்க்கிங் தேடுற வேலை இல்ல. அதை விட முக்கியமா, யாதவகிரி மைசூர் ஜங்ஷனுக்குக் கிட்டவே இருக்கு. முதல் தடவை இதைக் கூட நான் கவனிக்கல. ஊர் முழுக்க சுத்தி சுத்தி கடைசியில ஸ்டேஷன் பக்கத்துக்கே வந்திருக்கோம், அவ்வளவு அறிவு.

வழியில மத்தூர். மத்தூர் வடை. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு அங்கேயே முடிஞ்சுடும். ரெண்டு சாப்பிட்டோம். மூணு. மேல போறேன்.

போறதுக்கு முந்தின நாள் ஒரு வேலை செஞ்சேன். அந்த வாரம் என்னைக்கு லீவு, எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு விசாரிச்சேன். சின்ன சின்ன நினைவு இல்லங்களுக்கு வார விடுமுறை ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாள். பூட்டின கேட்டைப் பாக்க 240 கிலோமீட்டர் போகணுமா? போன்ல கேட்டா ஒரு நிமிஷம்.

காலையிலேயே போயிட்டோம். கூட்டம் இல்ல. யாரும் பின்னாடி நின்னு "லைட் போட்ருவாங்க"ன்னு சொல்லல.

அந்த வீட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1990கள்ல அவர் சென்னைக்குப் போனதுக்கப்புறம் வீடு சும்மா கிடந்துது. 2001 மே மாசம் அவர் இறந்தார். 2011ல வீடு கைமாறி இடிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. ஊர்ல சத்தம் கிளம்பி, பாதி இடிச்ச நிலையில நிறுத்தினாங்க. அப்புறம் அரசாங்கத் தரப்புலயே வீட்டை வாங்கி, திருப்பிக் கட்டி, 2016ல திறந்தாங்க. இதுக்கு நடுவுல கன்னட எழுத்தாளர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டாங்க: இவர் கன்னடத்துல எழுதலியே, இவருக்கு எதுக்கு அரசாங்கக் காசுல நினைவு இல்லம்?

கேட்டவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். கேக்க வேண்டிய கேள்விதான். எனக்கும் அதுல ஒரு முள்ளு இருக்கு, அப்புறம் வர்றேன்.

மாடிக்குப் போனோம். அந்த அறை.

அரைவட்டமா முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கிற அறை. எட்டு ஜன்னல். எழுதறதுக்குன்னே கேட்டுக் கட்டினது. ஒரு பக்கம் சாமுண்டி மலைக் கோயில், இன்னொரு பக்கம் ஊரோட கோபுரமும் கும்மட்டமும், நடுவுல மேயற மாடு, போற ரயில்னு எல்லாப் பக்கமும் தெரிஞ்சுதுன்னு அவரே எழுதியிருக்கார். அன்னைக்கு யாதவகிரி மேட்டு நிலம், வீடுகள் கம்மி. இப்போ எந்த ஜன்னல்ல பாத்தாலும் இன்னொருத்தர் வீட்டு பால்கனி.

பொண்ணு ஒவ்வொண்ணா எண்ணினா. எட்டு. திரும்ப எண்ணினா. எட்டுதான்.

"எட்டு ஜன்னல் இருந்தா எப்படிப்பா எழுத முடியும்? வேடிக்கைதான் பாக்க முடியும்."

"வேடிக்கை பாத்ததைத்தான் எழுதினார்."

"என் ரூம்ல ஒரே ஜன்னல். அதுலயும் பக்கத்து வீட்டு தண்ணி டேங்க்தான் தெரியுது."

"டேங்க் மேல என்ன இருக்கு?"

கொஞ்சம் யோசிச்சா. "ஒரு ஓட்டை பக்கெட். அதுல துளசி வச்சிருக்காங்க. தினமும் ஒரு தாத்தா ஏணி போட்டு ஏறித் தண்ணி ஊத்துவார். டேங்க்லதான் தண்ணி இருக்கே, எதுக்கு கீழேர்ந்து சொம்புல கொண்டு போறார்னு தெரியல."

நான் ஒண்ணும் சொல்லல. நாராயண் இருந்திருந்தா அந்தத் தாத்தாவை விட்டிருக்க மாட்டார்.

அவரோட கோட்டு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னோம். முதல் தடவை பாத்த அதே கோட்டுதான். ஆனா இப்போ எனக்குத் தெரியும், இந்த மனுஷன் இப்படி உடுத்திக்கிட்டு மைசூர்த் தெருவுல தினமும் மணிக்கணக்கா நடப்பார், கடைக்காரன், வக்கீல் குமாஸ்தா, யார் கிடைச்சாலும் நின்னு பேசுவார்னு. 1941ல "இண்டியன் தாட்"னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதை அச்சடிச்சுக் குடுத்த மைசூர் அச்சகக்காரர்தான் பின்னாடி "மிஸ்டர் சம்பத்" ஆனார்.

(ஒரு சினிமாத் துணுக்கு. 1947ல ஜெமினியில "மிஸ் மாலினி"ன்னு ஒரு தமிழ்ப் படம். கொத்தமங்கலம் சுப்பு டைரக்ஷன், புஷ்பவல்லி நடிச்சது. ஜெமினி கணேசன் சின்ன வேஷத்துல தலை காட்டின முதல் படம். கதை யார்? நம்ம நாராயண்தான். பந்தியில இதைச் சொல்லியிருந்தா மச்சான் ஒருவேளை வாயை மூடியிருப்பார். அவர் ஜெமினி ரசிகர்.)

வீட்டுக்குள்ள மொத்தம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். மணி பாத்தேன். முதல் தடவையை விட ஒரு மணி நேரம் ஜாஸ்தி, ஆனா வீடு அதே வீடு.

மிச்ச நாளை என்ன பண்றது?

இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறோம். சின்ன வீடு ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும், மிச்ச நேரத்துக்கு அரண்மனையைப் போடு, மலையைப் போடுன்னு போட்டுடுவோம். பெரிசு வந்து சின்னதை முழுங்கிடும். சாயந்தரம் வீட்டுக்கு வந்து படுக்கும்போது ஞாபகத்துல நிக்கிறது ஒட்டகச்சிவிங்கி.

மிச்ச நாளையும் அந்த ஆளோட புத்தகத்துலேர்ந்தே எடுத்தா என்னன்னு தோணுச்சு. அதுதான் ரெண்டாவது விதி. (மூணாவது கிடையாது. ரெண்டே விதிதான். நான் என்ன தொல்காப்பியமா எழுதறேன்?)

அவர் கதை ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிச்சுது இல்லியா? ஜங்ஷன் பக்கத்துலேயே ரயில் மியூசியம் இருக்கு. 1979லேர்ந்து. போனோம். பழைய நீராவி எஞ்சின், மைசூர் மகாராணி போன சலூன் பெட்டி. பொண்ணு ஒரு எஞ்சின் மேல ஏறி நின்னு, "மால்குடி ஸ்டேஷன்ல இதுதான் வந்திருக்குமா?"ன்னா. வந்திருக்கலாம். யார் வேண்டாம்னா?

அங்க ஒரு மர நிழல்ல உக்காந்து தூக்கைத் திறந்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு பொரியல். பொண்ணுக்கு மானம் போச்சு. "எல்லாரும் பாக்கறாங்கப்பா." பாக்கட்டும். மைசூர்ல ஓட்டல் இல்லாமலா? ஆனா கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போனா ஓட்டல் தேடுற ஒரு மணி நேரம் மிச்சம்.

சாயந்தரம் குக்கரஹள்ளி ஏரி. ஆட்டோல பத்து நிமிஷம். அவர் நடந்த இடம் அது. ஏரியைச் சுத்தி மண் பாதை, மரம், நாரை. நாங்க ஏரிக்கரைக்காரங்க, ஏரியைப் பாத்து வாய் பிளக்க மாட்டோம். "நம்ம ஏரி பெருசு"ன்னா பொண்ணு. பெருசுதான். ஆனா நம்ம ஏரிக்கரையில ஒரு எழுத்தாளரும் நடக்கலியேன்னேன். "நீ நடக்கறல்ல?"ன்னா.

(இதை எழுதினதே இந்த ஒரு வரியைப் போடறதுக்குத்தான்னு நீங்க நினைச்சா, ஆமா.)

வீடு வந்து சேர ராத்திரி பதினொண்ணு தாண்டிடுச்சு. பங்காரப்பேட்டையிலேர்ந்து வர்ற வழியில அவ தூங்கிட்டா.

இப்போ அந்த முள்ளு

நாராயண் வீட்ல பேசினது தமிழ். எழுதினது இங்கிலீஷ். வாழ்ந்தது கன்னட ஊர்ல. "இவர் யார் ஆளு?"ன்னு கேட்டாங்க. எங்க ஊர்க்காரனுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. சென்னைக்குப் போனா "கர்நாடகாவா?"ம்பாங்க, பெங்களூர்ல "தமிழா?"ம்பாங்க. ரெண்டு இடத்துலயும் தலையாட்டிட்டு வருவோம்.

இதை ஆபீஸ்ல ஒரு கன்னட நண்பர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். அவர் சிரிச்சுட்டு, "மைசூர் வரைக்கும் எதுக்குப் போனீங்க? உங்க ஜில்லாவுலயே ஒருத்தர் இருக்காரே"ன்னார்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்.

பேர் தெரியும். பள்ளிக்கூடத்துல பாடம் படிச்சிருக்கேன். ஆனா அந்தப் பேர்ல இருக்கிற "மாஸ்தி" ஒரு ஊர்னும், அது மாலூர் தாலூக்காவுல, எங்க வீட்லேர்ந்து அறுபது கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னும் சத்தியமா யோசிச்சதே இல்ல. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கோயிலுக்கு யார் போறோம்?

1891 ஜூன் 6ல பொறந்தார். 1986 ஜூன் 6ல இறந்தார். நாள் பிசகாம தொண்ணூத்தஞ்சு வருஷம். (அரசாங்க உத்தியோகஸ்தர். கணக்கு சரியா இருக்கணும்ல.) மெட்ராஸ்ல எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சு, மைசூர் சமஸ்தானத்துல பெரிய பதவி வரைக்கும் போனவர். வீட்டு மொழி தமிழ். படிச்சது இங்கிலீஷ். எழுதினது? கன்னடம். "ஸ்ரீநிவாச"ங்கிற புனைபேர்ல. கன்னடச் சிறுகதைக்கே அப்பான்னு சொல்றாங்க. 1920ல முதல் தொகுப்பு. குடகோட கடைசி ராஜாவைப் பத்தின "சிக்கவீர ராஜேந்திர" நாவல், 1983ல ஞானபீடம்.

அவரைப் பத்தி கன்னடத்துல ஒரு வாசகம் இருக்கு, எல்லாருக்கும் தெரியும்: மாஸ்தி கன்னடத ஆஸ்தி. மாஸ்தி கன்னடத்தோட சொத்து. "ஆஸ்தி"க்கு நமக்கு அர்த்தம் சொல்லணுமா? எங்க பாட்டி "ஆஸ்தி பாஸ்தி"ன்னு அதே வார்த்தையைத்தான் பேசுச்சு.

மாஸ்தி மட்டும் இல்ல. கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கிக் குடுத்தவங்கள்ல பேந்த்ரே வீட்ல மராத்தி, கிரீஷ் கர்னாட் வீட்ல கொங்கணி, மாஸ்தி வீட்ல தமிழ். சமையல்கட்டுல ஒண்ணு, எழுத்து மேஜையில ஒண்ணு. யாரும் அவங்களை "நீ யாரு?"ன்னு கேக்கல. எழுதினதை எடுத்து வச்சுக்கிட்டாங்க.

மாஸ்தி ஊர்ல அவர் பழைய வீட்டை அரசாங்கம் லைப்ரரி ஆக்கியிருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. கண்ணாடிப் பெட்டியில கோட்டு வைக்கிறது ஒரு வகை. அந்த வீட்ல ஊர்ப் பசங்க உக்காந்து பேப்பர் படிக்கிறது இன்னொரு வகை.

அடுத்த ஞாயித்துக்கிழமை ப்ளான்

ஏழு கட்டம் இல்ல. இதோ பேப்பர்ல இருக்கிறது அவ்வளவும்:

ஞாயிறு லைப்ரரி திறந்திருக்குமான்னு முன்னாடியே விசாரிக்கணும். இல்லன்னா சனிக்கிழமை.

காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். பைக். பங்காரப்பேட்டை, தேக்கல், மாலூர், மாஸ்தி.

வீடு. எவ்வளவு நேரம்னு போடல.

திரும்பும்போது பங்காரப்பேட்டை பானிபூரி. (மத்த ஊர்ல பச்சையா இருக்கும் அந்தத் தண்ணி. எங்க பங்காரப்பேட்டையில பச்சைத்தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். வெறும் தண்ணிதானேன்னு ஏமாந்து வாயில போடுங்க, காதுல புகை வரும்.)

படிக்க வேண்டியது: "சுப்பண்ணா." 1928ல வந்த சின்ன நாவல். ஒரு சங்கீதக்காரனோட கதை.

இதுல ஒரு சிக்கல். என் கன்னடம் பஸ் போர்டு கன்னடம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும். அதனால பொண்ணு படிக்கிறா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு ரெண்டு பக்கமா, சத்தமா. நான் பாதி புரிஞ்சும் பாதி புரியாமயும் தலையாட்டுவேன். எங்கம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே "இன்னாடி சொல்றான் அவன்?"னு கேப்பாங்க. அவ நிறுத்தி, தமிழ்ல சொல்லிட்டு, திரும்பக் கன்னடத்துக்குப் போவா. நேத்து எங்கம்மா பாத்திரத்தைப் போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே, "நானும் வர்றேன் அந்த வீட்டுக்கு"ன்னாங்க.

பைக்ல மூணு பேர் போக முடியாது. மச்சான்கிட்டதான் கார் இருக்கு.

போன் போட்டேன்.

"மாஸ்தியா? அங்க என்ன மாப்ள இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மச்சான். ஒரு பழைய வீடு. லைப்ரரி."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல.

"திரும்பி வர்றப்போ பங்காரப்பேட்டை பானிபூரி" அப்படின்னேன்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

எட்டு மணின்னு சொல்லியிருக்கேன். ஒன்பதே காலுக்குக் கிளம்புவோம்.